தெரியாத இடமெல்லாம் ஆபத்தான இடமே

வீடு வாங்கப் போகிறவர் முதலில் பத்திரத்தைப் பார்க்கிறார், வில்லங்கம் பார்க்கிறார். பிறகு விவரம் தெரிந்த மேஸ்திரி ஒருவரை அழைத்துச் சென்று, சுவரில் விரிசல் உண்டா, கூரை ஒழுகுமா, தரை உறுதியானதா என்று பார்க்கச் சொல்கிறார். இந்த இரண்டாவது வேலையைச் செய்வதற்கென்றே பிரிட்டனில் ஒரு தனித் தொழில் இருக்கிறது. அத்தொழில் செய்வோரையும் அங்கே சர்வேயர் என்றே அழைக்கிறார்கள். நம் ஊரில் சர்வேயர் என்றால் நிலத்தை அளந்து எல்லைக்கல் நடுபவர். அங்கே அச்சொல்லுக்குப் பொருள் இன்னும் விரிவானது. கட்டடத்தை அடித்தளம் முதல் கூரை வரை ஆராய்ந்து, அதன் நிலையையும் மதிப்பையும் அறிக்கையாக எழுதித் தருபவரும் சர்வேயரே. குழப்பம் நேராதிருக்க, அவரைக் கட்டட ஆய்வாளர் என்று இக்கட்டுரையில் குறிப்பிடுவோம்.

எழுதுகோலும் அளவு நாடாவும் கைவிளக்கும் எடுத்துக்கொண்டு செல்லும் இவருக்கு என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது என்று நீங்கள் நினைக்கலாம். சற்று ஆழ்ந்து பார்த்தால் உண்மை வேறு. ஆலையில் வேலை செய்பவர் தினமும் அதே இடத்தில் நிற்கிறார். எந்த இயந்திரம் கையைக் கடிக்கும், எந்தப் படி வழுக்கும் என்பது அவருக்குப் பழகிப் போயிருக்கும். கட்டட ஆய்வாளரோ நாள்தோறும் புதிய கட்டடத்தில் நுழைகிறார். அதன் நிலை எப்படிப்பட்டது என்று ஒருவருக்கும் தெரியாததால்தான் அவரை அனுப்புகிறார்கள்! தெரியாத இடத்தில் முதற்காலடி எடுத்து வைப்பதே அவருடைய தொழில்.

அப்படியானால் அவர் தம்மை எப்படிக் காத்துக்கொள்வது? பிறரை எப்படிக் காப்பது? பிரிட்டனில் பல ஆண்டு அனுபவத்தில் விளைந்த விடை மிக எளியது. 'பாதுகாப்பானது என்று உறுதியாகும் வரை, ஆபத்தானது என்றே கொள்' என்பதே அது. இந்த ஒரு விதி வெவ்வேறு ஆபத்துகளுக்கு எவ்வாறு பொருந்துகிறது என்பதைக் காண்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

பிரிட்டனில் தொழிற்சாலை, சுரங்கம், கடை, அலுவலகம் எனத் தனித்தனியே ஏராளமான பாதுகாப்பு விதிகள் இருந்தன. ஆனால் எந்தப் பட்டியலிலும் சேராத தொழிலாளர்கள் பல லட்சம் பேர் இருந்தனர். இந்நிலையை ஆராய 1970 ஆம் ஆண்டு ராபன்ஸ் பிரபுவின் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 1972 இல் அக்குழு தன் அறிக்கையைத் தந்தது. விதிகளை மேலும் மேலும் அடுக்கிக்கொண்டே போவதில் பயனில்லை; ஆபத்தை உண்டாக்குபவரும் அதனோடு வேலை செய்பவருமே அதைக் கட்டுப்படுத்தும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்பதே அதன் சாரம். அதன் விளைவாகப் பிறந்ததுதான் 1974 ஆம் ஆண்டின் பணியிட உடல்நல, பாதுகாப்புச் சட்டம்.

இச்சட்டத்தின் மூன்று பிரிவுகள் நமக்கு முக்கியமானவை. இரண்டாம் பிரிவின்படி, தம்மிடம் வேலை செய்பவரின் நலத்தைக் காப்பது முதலாளியின் கடமை. மூன்றாம் பிரிவு, வெளியாரையும் காக்கச் சொல்கிறது. குடியிருப்போர், வழிப்போக்கர், அடுத்த வீட்டார் எல்லோரும் இதில் அடங்குவர். ஏழாம் பிரிவு தொழிலாளியைப் பார்த்துப் பேசுகிறது. அவர் தம்மையும், தாம் செய்வதாலோ செய்யத் தவறுவதாலோ பாதிக்கப்படக்கூடிய மற்றவரையும் காக்கத் தக்க கவனம் எடுக்க வேண்டும். 'செய்யத் தவறுவதாலோ' என்ற சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் இறுதியில் அவை நமக்குத் தேவைப்படும்.

எவ்வளவு தூரம் பாதுகாப்புச் செய்ய வேண்டும் என்ற கேள்வி எழலாம். 'நியாயமாக இயலும் அளவுக்கு' என்பது சட்டத்தின் சொல். இதன் பொருளை 1949 ஆம் ஆண்டின் ஒரு நிலக்கரிச் சுரங்க வழக்கில் நீதிமன்றம் விளக்கியிருந்தது. தராசின் ஒரு தட்டில் ஆபத்தை வையுங்கள். மறு தட்டில் அதைத் தடுக்க ஆகும் பணம், நேரம், உழைப்பு ஆகியவற்றை வையுங்கள். செலவு ஆபத்தைவிட மிகமிகக் கூடுதலாக இருந்தால் மட்டுமே தடுப்பு முயற்சியை விட்டுவிடலாம். சற்றே கூடுதல் என்பது சாக்கு ஆகாது.

சர்வேயர்களுக்கென்று 1868 இல் லண்டனில் தொடங்கப்பட்ட சங்கம் இன்றும் இயங்குகிறது. பாதுகாப்புப் பற்றித் தன் உறுப்பினர்களுக்கு அது வழிகாட்டி நூல் ஒன்றையும் வெளியிட்டுள்ளது. 'பாதுகாப்பான ஆள்' என்பது அந்நூலின் முக்கியக் கருத்து. நிறுவனம் ஆயிரம் ஏற்பாடு செய்தாலும், பூட்டிய வீட்டைத் திறந்து உள்ளே நுழையும் அந்த நிமிடத்தில் முடிவெடுப்பவர் தனி மனிதரே. ஆகையால் அந்த மனிதர் பயிற்சியும் பொறுப்பும் உள்ளவராக இருக்க வேண்டும் என்பது அதன் பொருள்.

கண்ணுக்குத் தெரியாத நார்

கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ் உங்களுக்குப் புதிதல்ல. நம் ஊரில் எத்தனையோ வீடுகளிலும் கொட்டகைகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் தகடுதான் கூரை. கல்நார் என்பது பூமியிலிருந்து எடுக்கப்படும் ஒரு கனிமம். கல்லாக இருந்தும் பஞ்சு போல் நார்நாராகப் பிரியும். தீயில் எரியாது; வெப்பத்தைக் கடத்தாது; எளிதில் அழியாது. இந்தக் குணங்களால் இருபதாம் நூற்றாண்டில் இது கட்டடங்களுக்குள் எங்கும் புகுந்தது. கொதிகலன் குழாய்களின் உறை, கூரைத் தகடு, தரை ஓடு, சுவர்ப் பூச்சு, தீத்தடுப்புப் பலகை எனப் பல வடிவங்களில் இது பயன்பட்டது.

எளிதில் அழியாத அந்தக் குணமே தீமையாகவும் முடிந்தது. கல்நாரை அறுக்கும்போதோ துளைக்கும்போதோ மிக நுண்ணிய நார்கள் காற்றில் கலக்கின்றன. மனிதத் தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். நுரையீரலின் ஆழத்துக்குச் செல்லும் கல்நார் இழையின் தடிமனோ 3 மைக்ரானுக்கும் குறைவு. மூக்கு மயிரும் சளியும் இவற்றை முழுதும் தடுப்பதில்லை. நுரையீரலுக்குள் வரும் அந்நியப் பொருள்களை விழுங்கி அழிக்கும் உயிரணுக்கள் நம் உடலில் உண்டு. ஆனால் நீண்ட கல்நார் இழையை அவற்றால் முழுதாக விழுங்க முடிவதில்லை. விழுங்க முயன்று தோற்கும் உயிரணுக்கள் வெளியிடும் பொருள்கள் சுற்றியுள்ள திசுக்களைப் புண்ணாக்குகின்றன. ஆண்டுக்கணக்கில் இது தொடரும்போது நுரையீரல் தழும்பேறிச் சுருங்கலாம். நுரையீரலிலோ அதைச் சுற்றியுள்ள உறையிலோ புற்றுநோய் தோன்றலாம்.

இதில் கொடுமை என்னவென்றால், இழை உள்ளே போன அன்று இருமல்கூட வருவதில்லை. நுரையீரல் உறைப் புற்றுநோய் தலைகாட்டப் பெரும்பாலும் 20 முதல் 50 ஆண்டுகள் ஆகின்றன. நீலக் கல்நாரையும் பழுப்புக் கல்நாரையும் பிரிட்டன் 1985 இல் தடை செய்தது; வெள்ளைக் கல்நாரை 1999 இல் தடை செய்தது. ஆயினும் முன்பு சுவாசித்த இழைகளின் விளைவாக அங்கே இன்றும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 5,000 பேர் இறக்கின்றனர்.

தடைக்கு முன் கட்டிய கட்டடங்கள் இன்னும் நிற்கின்றனவே! ஆகவே 2000 ஆம் ஆண்டுக்கு முன் கட்டப்பட்ட எந்தக் கட்டடத்திலும் கல்நார் இருக்கலாம் என்று ஆய்வாளர் எதிர்பார்க்க வேண்டும். 2012 ஆம் ஆண்டின் கல்நார்க் கட்டுப்பாட்டு விதிகள் இதைச் சட்டமாகவே சொல்கின்றன. ஐயத்துக்குரிய பொருளில் கல்நார் இல்லை என்பதற்கு வலுவான ஆதாரம் இருந்தாலொழிய, இருப்பதாகவே கொள்ள வேண்டும். நாம் முதலில் கூறிய விதி இங்கே எழுத்திலேயே வந்துவிட்டது.

பொதுவான ஆய்வுக்குச் செல்பவர் ஐயத்துக்குரிய பலகையைத் தட்டுவதும் சுரண்டுவதும் கூடாது. பார்த்துக் குறித்துவிட்டு வர வேண்டும். மாதிரி எடுப்பது தனிப் பயிற்சி பெற்றவரின் வேலை. அவர் தக்க முகமூடி அணிந்து, இடத்தை ஈரமாக்கி, சிறு துண்டு மட்டும் எடுத்து, இரட்டைப் பையில் மூடி முத்திரையிடுகிறார். எடுத்த இடத்தையும் அடைத்துவிடுகிறார். ஆய்வுக்கூடத்தில் துருவ ஒளி நுண்ணோக்கியால் அது எவ்வகைக் கல்நார் என்று கண்டறிகிறார்கள்.

அதற்காக அஞ்சி ஓட வேண்டியதும் இல்லை. சிமெண்டில் இறுகிய கல்நார், தகடு உடையாமல் இருக்கும்வரை அதிகம் வெளிவருவதில்லை. பழைய குழாய் உறையும் தெளித்த பூச்சும்தான் எளிதில் உதிர்பவை. நல்ல நிலையில் உள்ளதைப் பெயர்க்காமல் பதிவேட்டில் குறித்துக் கண்காணித்து வருவதே பெரும்பாலும் சிறந்தது.

காலடியில் ஒளிந்திருக்கும் பள்ளம்

கூரையைப் பார்க்கக் கூரைமேல் ஏற வேண்டும் என்பது இயல்பான எண்ணம். அதுவே பலருக்கு இறுதி எண்ணமாகிவிட்டது. சிமெண்டுத் தகடு தன்மேல் பரவலாக விழும் மழையையும் காற்றையும் தாங்கும். ஆனால் மனிதனின் முழு எடையும் ஓர் உள்ளங்காலின் பரப்பில் வந்து விழும்போது நிலைமை வேறு. எஃகுத் தகடு வளைந்து எச்சரிக்கும். சிமெண்டுத் தகடு வளையாது. எச்சரிக்கை இன்றிச் சடாரென உடையும். வெயிலும் மழையும் பட்டு அது இன்னும் நொய்ந்துபோயிருக்கும். வெளிச்சத்துக்காகப் பொருத்திய கண்ணாடி இழைத் தகடுகள் பாசியும் வண்ணப்பூச்சும் படிந்து, மற்றத் தகடுகளிலிருந்து வேறுபாடு தெரியாமல் மறைந்திருக்கும்.

தகட்டைச் சட்டத்தோடு பிணைக்கும் ஆணி வரிசையின்மேல் நடந்தால் ஆபத்தில்லை என்று சிலர் நம்புகிறார்கள். அது தவறு. பாதம் சற்றே பிசகினாலும் போதும். மேலும் அடியிலுள்ள சட்டமே இற்றுப் போயிருக்கலாம்.

இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 4 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொட ஏறத்தாழ 0.9 விநாடி ஆகும். அப்போது அதன் வேகம் விநாடிக்கு 8.9 மீட்டர், அதாவது மணிக்கு 32 கிலோமீட்டர். ஏதேனும் ஒன்றைப் பற்றிக்கொள்ள நினைப்பதற்குள் விழுந்து முடிந்துவிடும். வெறும் 2 மீட்டர் உயரமே ஆனாலும் வேகம் மணிக்கு 22 கிலோமீட்டருக்கு மேல்.

2005 ஆம் ஆண்டின் உயரப் பணி விதிகள் ஒரு வரிசை முறையை வகுத்துள்ளன. முதலில், ஏறாமலே வேலையை முடிக்க முடியுமா என்று பார். முடியாவிட்டால், விழாதபடி தடுப்புச் செய். அதுவும் இயலாவிட்டால், விழுந்தாலும் காயம் குறையும்படி வலையோ கயிறோ ஏற்பாடு செய். கட்டட ஆய்வாளருக்கு முதற்படியே பெரும்பாலும் போதும். தொலைநோக்கி, நீண்ட கழியில் பொருத்திய காமிரா, ஆளில்லாமல் பறக்கும் டிரோன் ஆகியவை இன்று அவருக்குக் கண்ணாகப் பயன்படுகின்றன. எதுவும் இயலாதபோது 'கூரையின் இப்பகுதியைக் காண இயலவில்லை' என்று அறிக்கையில் எழுதுவதில் குறைவேதும் இல்லை. காணாததைக் கண்டதாக எழுதுவதுதான் குற்றம்.

மூச்சை நிறுத்தும் தொட்டி

நிலவறை, தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்க் குழி, பாழ்ங்கிணறு ஆகியவற்றையும் ஆய்வாளர் பார்க்க நேரிடும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 21 சதவீதம் ஆக்சிஜன். மூடிய இடத்தில் இது சத்தமில்லாமல் குறையலாம். வெறும் இரும்புத் தொட்டியைப் பல மாதம் மூடி வைத்தால் என்ன நடக்கும்? உட்சுவர் துருப்பிடிக்கும். துரு என்பது இரும்பு ஆக்சிஜனோடு சேர்வதால் உண்டாவது. ஆகவே தொட்டியின் காற்றிலுள்ள ஆக்சிஜனைத் துருவே உண்டுவிடுகிறது! உள்ளே விஷம் எதுவும் இல்லை, நாற்றமும் இல்லை. ஆனால் இறங்குபவர் சில மூச்சுகளில் மயங்கி விழுவார்.

கழிவு அழுகும் இடத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு உண்டாகிறது. அழுகிய முட்டை நாற்றமே அதன் அடையாளம். நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று எண்ணுவது உயிருக்கே கேடு. காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவில் அவ்வாயு சேர்ந்தால், சில நிமிடங்களில் மோப்ப நரம்பையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போகவில்லை; நாற்றத்தை உணரும் ஆற்றல்தான் போய்விட்டது.

கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்க்கும் வழக்கம் நம் நாட்டிலும் உண்டு. ஆக்சிஜன் ஏறத்தாழ 16 சதவீதத்துக்குக் குறைந்தால் சுடர் அணைந்துவிடும் என்பதால் அதில் ஓரளவு பொருள் உண்டு. ஆனால் விஷ வாயு இருந்தாலும் சுடர் எரிந்துகொண்டிருக்கலாம்; எரிவாயு இருந்தாலோ சுடரே வெடிப்புக்குக் காரணமாகலாம். ஆதலால் வாயு அளவு காட்டும் கருவியே நம்பத்தக்கது.

இத்தகைய இடங்களுக்கென்று பிரிட்டனில் 1997 ஆம் ஆண்டு விதிகள் உள்ளன. முடிந்தால் இறங்காதே, இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் காற்றைச் சோதி, மீட்கும் ஏற்பாட்டை முன்பே செய் என்பவை அவற்றின் சாரம். இந்த மூன்றாவது மிக முக்கியமானது. உள்ளே விழுந்தவரைக் காப்பாற்ற ஏற்பாடு ஏதுமின்றிக் குதித்தவரும் உடன் மாண்ட செய்திகளை நாம் நாளேடுகளில் படித்து வருந்தியிருக்கிறோம்.

தனியே செல்பவர்

காற்றும் கூரையும் மட்டுமல்ல, மனிதரும் ஆபத்தாகலாம். 1986 ஜூலை 28 அன்று லண்டனில் சூசி லாம்ப்ளூ என்ற 25 வயதுப் பெண், வாடிக்கையாளர் ஒருவருக்கு வீட்டைக் காட்டப் போவதாக நாட்குறிப்பில் எழுதிவிட்டு அலுவலகத்திலிருந்து புறப்பட்டார். அவர் திரும்பவில்லை. அவருடைய உடலும் இன்றுவரை கிடைக்கவில்லை. வீடு, மனை விற்பனைத் தரகு நிறுவனத்தில் வேலை செய்தவர் அவர். அவருடைய பெற்றோர் அதே ஆண்டில் அவர் பெயரால் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினர். வெளி வேலைக்குத் தனியே செல்வோரின் பாதுகாப்புக்காக அது இன்றும் பணியாற்றி வருகிறது.

தனியே செல்பவர் எங்கே, யாரைப் பார்க்க, எத்தனை மணிக்குத் திரும்புவார் என்பதைச் சொல்லிவிட்டுச் செல்ல வேண்டும். ஆனால் சொல்லிவிட்டுச் செல்வது பாதி வேலைதான். குறித்த நேரத்தில் அவரிடமிருந்து செய்தி வராவிட்டால் உடனே தேடத் தொடங்கும் ஒருவர் அலுவலகத்தில் இருக்க வேண்டும். யாரும் பார்க்காத குறிப்பேடு யாரையும் காப்பதில்லை. ஆளில்லாத பாழ்வீட்டில் இற்றுப்போன மரத்தரை உடைந்து கால் சிக்கிக்கொண்டவருக்கும் இதே ஏற்பாடுதான் உயிர் தரும். மேலும், வாசலுக்குப் போகும் வழியைத் தமக்குப் பின்னால் திறந்தே வைத்துக்கொள்வதும், மனத்துக்குச் சரியாகப் படாவிட்டால் தயங்காமல் வெளியேறுவதும் பழக்கமாக வேண்டும். வேலையை முடிக்காமல் திரும்பி வந்தவரைக் கடிந்துகொள்ளும் நிறுவனம், அடுத்தவரை ஆபத்தில் தள்ளுகிறது என்றே சொல்ல வேண்டும்.

கண்டதைச் சொல்லும் கடமை

இதுவரை பார்த்தவை ஆய்வாளர் தம்மைக் காத்துக்கொள்ளும் வழிகள். அவர் பத்திரமாக வெளியே வந்துவிட்டார். கட்டடமோ அங்கேயே நிற்கிறது. உள்ளே மக்கள் இருக்கிறார்கள். இப்போதுதான் 'செய்யத் தவறுவதாலோ' என்ற சட்டச் சொற்களுக்கு முழுப் பொருள் விளங்குகிறது. குழாய் உறை உதிர்ந்து கிடப்பதையும் மாடி முகப்பு பிளந்திருப்பதையும் கண்டவர், அதைத் தம் வாடிக்கையாளருக்கும் ஆபத்தில் உள்ளவருக்கும் தாமதமின்றி, பளிச்சென்று புரியும்படி சொல்ல வேண்டும். நாற்பதாம் பக்கத்தில் ஒரு வரியாகப் புதைத்துவிட்டுச் சொல்லிவிட்டேன் என்பது போதாது.

சொன்னால் மட்டும் போதுமா? பிரிட்டனுக்கு வெளியே, நம் அண்டை நாடான வங்காளதேசத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி இதற்கு விடை தருகிறது. டாக்கா அருகே சவாரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இருந்தது. கீழே வங்கியும் கடைகளும், மேலே ஆடை ஆலைகளும் இயங்கின. 2013 ஏப்ரல் 23 அன்று அதன் சுவர்களிலும் தூண்களிலும் விரிசல்கள் தென்பட்டன. வந்து பார்த்த பொறியாளர், கட்டடம் ஆபத்தானது, எல்லோரையும் வெளியேற்றுங்கள் என்றார். வங்கியையும் கடைகளையும் மூடிவிட்டார்கள். ஆலைத் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் காலை வேலைக்கு வரச் சொன்னார்கள். ஏப்ரல் 24 காலையில் கட்டடம் சரிந்தது. 1,134 பேர் இறந்தனர்.

ஆபத்தைக் கண்டறியும் அறிவு அங்கே இருந்தது. கண்டதைச் சொன்னவரும் இருந்தார். கேட்டவர்களில் ஒரு சாரார், விரிசலுக்கு வேறு காரணம் கற்பித்துக்கொண்டு, இன்னும் விழவில்லையே என்பதைப் பாதுகாப்புக்குச் சான்றாகக் கொண்டனர். நம் விதியை அவர்கள் தலைகீழாக்கினர். ஆபத்து என்று உறுதியாகும் வரை பாதுகாப்பானது என்று கொண்டனர். அது உறுதியானபோது காலம் கடந்துவிட்டது.

ஆகவே பாதுகாப்புப் பொறுப்பு ஆய்வாளர் ஒருவருடையது மட்டுமன்று. அனுப்பும் நிறுவனம் அவருக்குப் பயிற்சியும் கருவியும், வேண்டாம் என்று சொல்லித் திரும்பும் உரிமையும் தர வேண்டும். கட்டட உரிமையாளர் தமக்குத் தெரிந்த ஆபத்தை முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆய்வாளர் கண்டதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கேட்டவர் அதன்படி நடக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் மற்றவற்றால் பயனில்லை.

நீங்கள் கட்டட ஆய்வாளராக வேண்டும் என்பதில்லை. பழைய கொட்டகைக் கூரைமேல் விழுந்த பந்தை எடுக்க ஏறப் போகும் தம்பியை, நெடுநாள் மூடிக் கிடந்த தொட்டியைத் திறந்து இறங்கப் போகும் அண்ணனை நீங்கள் காணக்கூடும். இது பாதுகாப்பானது என்று உனக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கேள்வி கேளுங்கள். விடை இல்லையென்றால், ஆபத்து இருக்கிறது என்றே பொருள்.